புதன்கிழமைத் தட்டுகள்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.30க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்ததும் நின்றுவிட்டது. காலைக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியத்துக்கு எலுமிச்சை சாதம், வாழைக்காய் வறுவல். திருவரங்குளத்தில் 7.35க்கு வர வேண்டிய பேருந்து 7.42க்கு வந்தது. உட்கார இடமில்லை. 8.15க்குப் புதுக்கோட்டையில் கல்லூரிக்குள் நுழைந்து, ஆய்வகத்தைத் திறந்து, இன்குபேட்டரின் வெப்பமானியைப் பார்த்தேன். முப்பது டிகிரி. குறித்துக்கொண்டேன்.

இருபத்தாறு வருடங்களாக இப்படித்தான் நாட்குறிப்பு எழுதுகிறேன். மனசு எப்படி இருந்தது என்று அதில் எழுதுவதில்லை. நேரம், வெப்பம், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்பது மட்டும். அன்றைய பக்கத்தில் மட்டும் 11.20க்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனியாக ஒன்றும் செய்வதில்லை. ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் காரியம் நடக்கிறது. எது எதைப் பிடிக்கிறது என்று தெரிந்தால், புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு வரைபடம் போடலாம். மழை தள்ளிப் போகும்போது நிலக்கடலைச் செடி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது எங்கள் கேள்வி. அதில் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்த முப்பத்தொரு புரதங்களை எடுத்துக்கொண்டோம். அவற்றுக்குப் பெயர் நீளம் என்பதால் எண் கொடுத்திருந்தோம்.

யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதை ஈஸ்டிடம் கேட்போம். இட்லி மாவு பொங்குவதற்குக் காரணமான கூட்டத்தின் உறவினர்தான் அது. ஒற்றைச் செல் உயிர். ஒரு சுவிட்சை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை ஒரு புரதத்தோடும் மறுபாதியை இன்னொரு புரதத்தோடும் ஒட்டி, இரண்டையும் ஒரே ஈஸ்டுக்குள் வைக்கிறோம். பிறகு அதற்கு அவசியமான ஒரு சத்து இல்லாத ஊடகத்தை, அதாவது வளர்ப்புக் கூழை, ஊற்றிய தட்டில் அதைச் சொட்டு வைக்கிறோம். புரதங்கள் இரண்டும் பிடித்துக்கொண்டால் சுவிட்ச் சேரும். ஈஸ்ட் அந்தச் சத்தைத் தானே தயாரித்து வளரும். பிடிக்காவிட்டால் பட்டினி. தட்டில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் வரைபடத்தில் ஒரு கோடு. தெரியாவிட்டால் கோடு இல்லை.

தட்டுகளை எண்ணுவது திங்கட்கிழமை காலை 9.15க்கு. நான்கு வருடமாக அதில் மாற்றமில்லை. காய்ச்சலோடு வந்துகூட எண்ணியிருக்கிறேன்.

அன்று எண்ண வேண்டிய தட்டு எதுவும் இல்லை. சோதனைகள் முடிந்திருந்தன. என் மேசையில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசிப் பிரதி இருந்தது. வழிகாட்டியாக நான் கையெழுத்திட வேண்டிய பக்கத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தது. அந்த ஆய்வேட்டுக்கு உரியவர் திருமயத்திலிருந்து வரும் ஒரு பெண். வயது நாற்பத்திரண்டு. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அவருக்கு வகுப்பு இல்லாத நாள் புதன் மட்டும்தான். ஏழு வருடமாக ஒவ்வொரு புதனும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து வேலை செய்தார். அவருடைய பதிவுக் காலத்தை இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. செப்டம்பர் முப்பதுக்குள் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகாவிட்டால் பதிவு ரத்து. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது என்று எழுத்தில் வந்திருந்தது.

அவருடைய ஆய்வேட்டின் உயிர் பதினேழாம் எண் புரதம். வரைபடத்தில் நடுநாயகமாக நின்றது அது. மற்றவற்றுக்கு இரண்டு கோடு, மூன்று கோடு, மிஞ்சினால் ஏழெட்டு என்றால் அதற்குப் பத்தொன்பது. வரைபடத்தைக் கணினியில் போட்டுத் தந்தவர் எங்கள் கணினி அறிவியல் துறை ஆசிரியர். பதினேழுக்கு அவர் வைத்த பெயர் "கல்யாண வீட்டுச் சித்தப்பா". வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் எல்லாருடைய கையையும் பிடித்துக்கொள்ளும் ஆள் என்று விளக்கமும் சொல்லுவார். படம் போடுவதோடு அவர் நிற்கவில்லை. மற்றச் செடிகளில் ஏற்கெனவே தெரிந்த பிணைப்புகளையும் எங்கள் தட்டுகளின் முடிவையும் பாடமாகக் கொடுத்து, நாங்கள் சோதிக்காத பிணைப்புகளை ஊகிக்கும் நிரல் ஒன்றும் எழுதினார். நிரலும் பதினேழைத்தான் நடுவில் வைத்தது. இரண்டு வழியிலும் ஒரே பதில் என்று அன்று எங்கள் மூன்று பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில், ஒவ்வொரு தட்டும் எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்ற பத்தி மட்டும் காலியாக இருந்தது. சனிக்கிழமை நாட்குறிப்பைப் பார்த்து நான்கு பக்கம் எழுதிக் கணினி ஆசிரியரிடம் கொடுத்திருந்தேன். திங்கள் 11.20க்கு மடிக்கணினியைக் கதவில் இடித்துக்கொண்டே உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், ஆனால் உட்காரவில்லை.

"மேடம், கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க கடலைப் புரதத்துக்கெல்லாம் புதன்கெழமை ஆனா பாசம் பொங்கிருதுங்க."

வேடிக்கை என்று நினைத்தேன். அவர் முகம் வேடிக்கையாக இல்லை. வரைபடத்தின் கோடுகளைத் தட்டு வைத்த கிழமையின்படி வண்ணம் பிரித்துப் பார்த்திருக்கிறார். வேறு எதற்கும் இல்லை, படம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. வெள்ளி நீலம், புதன் சிவப்பு. திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பந்து. சுற்றிலும் நீலத்தில் நாலைந்து நூல்.

நடுவில் இருந்த பதினேழும் அதை ஒட்டி இருந்த இரண்டும் திருமயத்துக்காரர் கையாண்டவை; அதனால் புதன். ஓரத்தில் இருந்தவை நான் கையாண்டவை. நான் தட்டு வைப்பது வெள்ளி. ஆள் மாறியதால் வந்த வித்தியாசமாக இருக்கலாமே என்றேன். அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். என்னுடைய ஒன்பதாம் எண்ணை நான் இரண்டு முறை சோதித்திருக்கிறேன். முதல் முறை வெள்ளி: இரண்டு கோடு. அடுத்த முறை வெள்ளி பொங்கல் விடுமுறை, முன்கூட்டியே புதனன்று வைத்திருக்கிறேன்: ஏழு கோடு. நாங்கள் கூடுதலாக வந்த ஐந்தையும் சேர்த்துக்கொண்டோம்.

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விரல்விட்டு எண்ணத் தெரிந்துவிட்டது. வெள்ளி வைத்துத் திங்கள் எண்ணினால் மூன்று நாள். புதன் வைத்துத் திங்கள் எண்ணினால் ஐந்து நாள். மூன்று நாளில் பட்டினியாகக் கிடக்கும் ஈஸ்ட்கூட ஐந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையெடுக்கும். சில புரதங்கள் துணையே இல்லாமல் அரைகுறையாகச் சுவிட்சைப் போட்டுவிடும். முதலாண்டு மாணவிகளுக்கு நான் நடத்துகிற பாடம் இது. அப்படித் தானாக வளர்கிறதா என்று முப்பத்தொன்றையும் ஆரம்பத்திலேயே சோதித்தும் இருந்தேன். வெள்ளி வைத்துத் திங்கள் எண்ணி. எல்லாம் சுத்தம் என்று எழுதியிருந்தேன்.

தட்டு வைக்கும் நாள் ஆளுக்கு ஆள் மாறியது. எண்ணும் நாளை மட்டும் நான் மாற்றவில்லை.

"பதினேழு நெசமாவே புடிக்கிறதாவும் இருக்கலாம் மேடம்," என்றார். "இல்லைன்னு யாரும் சொல்லல."

"ஒங்க நிரலும் அதத்தானே சொல்லுச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுக்குப் பாடம் எடுத்ததே ஒங்க தட்டுதானங்க. வாத்தியார் தப்பாச் சொன்னா புள்ள தப்பாத்தான எழுதும்." வண்ணம் போடாமல் விட்டிருக்கலாம் என்றும் சொன்னார்.

12 மணிக்கு எனக்கு வகுப்பு. போனேன். கரும்பலகையில் தலைப்பு எழுதிவிட்டு, தேதி எழுதினேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாதியில் வெளியே வந்து, ஆய்வகம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வகுப்புக்குப் போனேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். காலியான இன்குபேட்டரின் கதவை எத்தனை முறை திறந்திருப்பேன் என்று தெரியாது. எண்ணாமல் ஒரு காரியம் செய்தேன் என்றால் அதுதான். திரவம் அளக்கும் பைப்பெட்டுகளை அளவு வாரியாக அடுக்கினேன். அவை ஏற்கெனவே அளவு வாரியாகத்தான் இருந்தன.

கையெழுத்துப் போடுவதைப் பற்றியும் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பின்னிணைப்பில் தேதிகள் இருக்கும். ஆனால் எந்தத் தேர்வாளர் தேதிக்குக் கிழமை பார்க்கப்போகிறார்? பதினேழு உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் பெண் ஏழு வருடம் உழைத்திருக்கிறார். தவறு அவருடையது அல்ல, தண்டனை மட்டும் ஏன் அவருக்கு? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். அப்புறம் பேனாவை வைத்துவிட்டுப் பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன்.

தேடியது எதை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டில், ஒரு திங்கட்கிழமைப் பக்கத்தில் கண்ணில் பட்டது. அந்த வாரம் திருமயத்துக்காரர் தன் கல்லூரியில் விடுப்பு எடுத்துத் திங்களும் வந்திருக்கிறார். என் கையெழுத்தில் இரண்டு வரி: "பதினேழைத் துணையில்லாமல் வைத்த தட்டிலும் ஊசிமுனை அளவு வளர்ச்சி இருப்பதாகச் சொன்னார். ஊடகம் பழையது என்று கூறினேன்."

அவர் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லியும் இருக்கிறார்.

தொலைபேசியில் சொல்லக் கூடிய விஷயம் இல்லை. 4.10க்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் போனேன். முதலில் நின்ற மதுரை வண்டியில் ஏறிவிட்டேன். நடத்துநர் திருமயத்துக்குள் போகாது, பைபாஸில்தான் இறக்குவேன் என்றார். பரவாயில்லை என்றேன். வழியெல்லாம் அவரிடம் எப்படித் தொடங்குவது என்று ஒரு வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தேன். பைபாஸில் இறங்கி, வெயிலில் ஊருக்குள் நடக்கும்போது அந்த வாக்கியம் மொத்தமாக மறந்துபோயிற்று.

வீட்டில் அவருடைய மாமியார்தான் கதவைத் திறந்தார். மகன் வெளிநாட்டில் வேலையில் இருப்பதால் இந்த இருவரும்தான் வீட்டில். என்னை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறார்.

"வாங்க வாங்க. புஸ்தகம் முடிஞ்சிருச்சுங்களா? ஏழு வருசமா புதன்கெழமை புதன்கெழமை நாந்தான் ஒலை வைக்கிறேன். பட்டம் குடுத்தா அதுல பாதி எனக்குன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் காப்பி போடப் போனார். கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மருமகள் கைப்பையைக்கூட வைக்காமல் நின்றார். கையெழுத்துப் போட்ட பிரதியை நானே கொண்டு வந்திருப்பதாக நினைத்தார் போல. கண் என் பைக்குப் போனது.

மூன்று நாள், ஐந்து நாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சிவப்பு, நீலத்தையும் சொன்னேன். முடித்ததும் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். தவறு என்னுடையதுதான் என்பதற்குச் சாட்சியாக அதைக் கொடுப்பதாக நினைத்தேன். அவர் இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

"'ஊடகம் பழையது என்று கூறினேன்'னு எழுதியிருக்கீங்க. அதையும் சொன்னீங்கதான். அதுக்கு முன்னாடி 'மொதல்ல கண்ணாடிய மாத்துங்க'ன்னீங்க மேடம். ரெண்டு எம்.எஸ்ஸி. புள்ளைங்க நின்னு சிரிச்சதுக. அது இதுல இல்லையே."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் நான் சொல்லக் கூடியதுதான் அது. என் வாயின் அளவு எனக்குத் தெரியும். யார் என்ன சொன்னார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒன்று விடாமல் எழுதுகிறவள் என்று இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். எழுதும்போதே துடைத்து வைத்து எழுதியிருக்கிறேன்.

"ஞாபகம் இல்லைங்க," என்றேன். "ஆனா சொல்லியிருப்பேன்."

"எனக்கு இருக்கு. அதுக்கப்புறம் எந்தத் தட்டுல எதப் பாத்தாலும் ஒங்ககிட்ட வந்து சொல்றத விட்டுட்டேன்."

காப்பி வந்தது. மாமியார் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை வைத்து, சத்தமில்லாமல் உள்ளே போனார். மருமகள் உட்கார்ந்தார். பதினேழு போய்விட்டால் ஆய்வேட்டில் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார். மற்றப் புரதங்கள் இருக்கும், கோடுகள் குறையும், நடுவில் யாரும் இல்லாத வரைபடமாக இருக்கும் என்றேன். அதற்கு யாராவது பட்டம் கொடுப்பார்களா என்றார். சரியாகச் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். கொடுப்பார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கே அது தெரியாது.

பிறகு இருவரும் நாட்காட்டியைப் பார்த்தோம். உறைநிலையில் இருக்கும் ஈஸ்டை எழுப்ப, வளர்க்க, ஜோடி சேர்க்க ஒன்பது நாள். தட்டு வைத்து எண்ண மூன்று நாள். மறுமுறை செய்து சரிபார்க்க இன்னொரு பன்னிரண்டு நாள். அத்தியாயத்தைத் திருத்தி எழுத, அச்சடிக்க, கட்டுக் கட்ட. எங்கேயும் ஒரு தடங்கல் வராமல் இருந்தால் செப்டம்பர் முப்பதுக்கு முன்னால் ஏழெட்டு நாள் கையில் நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளும் அதற்குள் வரும். அதை அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

இப்போதே வேண்டாம், யோசித்துச் சொல்லட்டும் என்றேன். பிரதி அப்படியே மேசையில் இருக்கிறது, முடிவு அவருடையது என்றும் சொன்னேன். இந்த வாக்கியத்தைத்தான் பேருந்தில் மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லிக் கேட்டபோது நன்றாக இல்லை. பாரத்தை அவர் தலையில் இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது.

அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். பைபாஸ் வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசினார்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு மொத பஸ்ல வாரேன். எல்லாத்தையும் திரும்பச் செய்வோம். என்ன வருதோ அத எழுதுவோம். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க."

"குப்பியில எதுலயும் நம்பர் இருக்கக் கூடாது. கணினி சார்கிட்டக் குடுத்துச் சீட்ட மாத்தி ஒட்டச் சொல்லுங்க. எது பதினேழுன்னு எனக்கும் தெரியக் கூடாது, ஒங்களுக்கும் தெரியக் கூடாது. எண்ணுற அன்னைக்கு நீங்க தட்டத் தொடவும் கூடாது. நாந்தான் எண்ணுவேன். எண்ணிட்டு எழுதுறதும் நாந்தான்."

சரி என்றேன். அவர் வண்டியைத் திருப்பி இங்கிட்டு அங்கிட்டு பார்க்காமல் போய்விட்டார்.

7.20க்கு வீடு. கணினி ஆசிரியரை அழைத்துச் சொன்னேன். குப்பி உடைந்தால் நான் பொறுப்பில்லை என்றார். ஆனால் ஏழரைக்கே வந்துவிடுவதாகவும் சொன்னார். ராத்திரி சாப்பாடு ரசம் சாதம். நாட்குறிப்பைத் திறந்து 11.20க்குக் கீழே எழுத முயன்றேன். கண்ணாடி விஷயத்தை எழுதாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை. அதையும் எழுத வரவில்லை. மூடிவிட்டுப் படுத்தேன். எழுந்து கதவு தாழ்ப்பாளைப் பார்த்தேன். படுத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய். 6.30 பேருந்து. ஆய்வகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக உறைபெட்டியிலிருந்து முப்பத்தொரு குப்பிகளையும் எடுத்து, ஐஸ் பெட்டியில் சொருகி, வாழ்க்கையில் ஒரு பைப்பெட்டைக்கூடத் தொட்டிராத கணினி ஆசிரியர் கையில் கொடுத்தேன். அவர் புதுச் சீட்டுகளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டார். சீட்டு மாற்றுவதை நாங்கள் இருவரும் பார்க்கக் கூடாது என்பதால், திருமயத்துக்காரர் கதவருகில் எனக்காகக் காத்து நின்றார். குப்பியை எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்று இன்னும் ஒரு முறை சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.